நீவிவிடும் கைகள்

மனிதன் பிறக்கும்போது அவனை முதலில் ஏந்தும் கை அவன் தாயின் கை அன்று. பேறு பார்ப்பவளின் கை. அவன் இறந்த பின் அவனைக் குளிப்பாட்டிக் கஃபன் அணிவிக்கும் கையும் பல ஊர்களில் அதற்கென்றே அமைந்த ஒருவரின் கைதான். இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை கைகள்! பிள்ளைப் பருவத்தில் தலைமுடி களைந்த கை, சுன்னத் செய்த கை, சுளுக்கு விழுந்தபோது எண்ணெய் தொட்டு நீவிய கை, முதுமையில் மரத்துப்போன கால்களைப் பிடித்துவிட்ட கை. இத்தனை கைகளும் தாங்கியதால்தான் நம் உடல் இத்தனை காலம் நடமாடுகிறது. ஆயினும் ஒரு விந்தையைக் காண்கிறோம். தொலைவில் நின்று ஏவுகின்றவருக்கு நம் வீட்டில் நாற்காலி உண்டு. உடலைத் தொட்டு நோவு தணிப்பவருக்குத் திண்ணையின் ஓரமே உண்டு. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இதனை மார்க்கம் தந்ததா? இல்லை என்பதே என் துணிபு. மசாஜ் என்று இன்று வழங்கும் நீவுதல் கலையை ஓராண்டுக் காலம் ஒரு சமுதாயக் கல்லூரியில் முறையாகப் பயின்றவன் என்ற உரிமையில் இதுபற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

மதுரையிலிருந்து திருமங்கலம் கடந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் டி. கல்லுப்பட்டி. கரிசல் மண் சூழ்ந்த ஊர். பருத்தியும் சோளமும் வானம் பார்த்து விளையும் பூமி. சுற்றுப்புற மக்களுள் பெரும்பாலோர் உடலால் உழைத்து உண்பவர்கள். களை எடுத்து இடுப்பு விட்டுப் போனவர்களும், மூட்டை சுமந்து தோள் இறங்கியவர்களும் தெருவுக்குத் தெரு உண்டு. இங்கே மாலை நேரத்தில் உடம்பை நீவிவிட ஓர் ஆளைத் தேடுவது ஆடம்பரம் அன்று. மறுநாள் கூலிக்குப் போக வேண்டுமே என்ற கட்டாயம் அது.

என் அத்தாவுக்குப் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் செயலிழந்தபோது, நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்து கையையும் காலையும் நீவிவிட்டவர் ஊரின் ஒஸ்தா. முடி திருத்துவதும் சுன்னத் செய்வதும் அவருடைய தலைமுறைத் தொழில். அவருக்கென்று நிர்ணயித்த கூலி கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். அவரிடமிருந்து பார்த்துப் பார்த்து நானும் அத்தாவின் காலைப் பிடித்துவிடக் கற்றேன். இரண்டாண்டு படுக்கையில் இருந்து அத்தா வஃபாத்தானார்கள். அதன் பின்னர்தான், அறைகுறையாகக் கண்ட இக்கலையை வரன்முறையாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கை என்னுள் எழுந்தது. மதுரையில் இதற்கென ஓராண்டுப் படிப்பு ஒன்று இருப்பதாக அறிந்து விண்ணப்பித்தேன்.

செய்தி பள்ளிவாசல் வாயிலுக்கு எட்டியது. பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, “ஏம்ப்பா, ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்குப் படிக்க வேறு படிப்பா இல்லை? நாளைக்கு உன் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவன், மாப்பிள்ளைக்கு மாமனார் என்ன தொழில் என்று கேட்டால் என்ன சொல்வாய்?” என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. என் நலன் கருதியே சொன்னார். அதனால்தான் அச்சொல் நெஞ்சில் ஆழத் தைத்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி உலை வைத்தவாறே, “மாமாவின் காலை நீங்கள் பிடித்துவிட்டபோது ஒருவரும் சம்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லையே” என்றாள். அத்தாவுக்குச் செய்தால் கடமை. அடுத்தவருக்குச் செய்தால் இழிவு! செயல் ஒன்றுதான், கைகளும் அவைதாம். பின் எங்கே புகுந்தது இழிவு? இவ்வினாவோடுதான் நான் மதுரைப் பேருந்தில் ஏறினேன்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், பட்டம் பெற வசதியற்றவர், வயது கடந்தவர் ஆகியோருக்குக் கைத்தொழிலோடு கூடிய கல்வியை அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே குறைந்த செலவில் தருவது அதன் நோக்கம். இம்முறையின் தாயகம் அமெரிக்கா. அங்கு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரியை இவ்வகையின் முன்னோடி என்பர். நீவுதல் கலையும் அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் பாடமாக இருக்கிறது. நம் பக்கத்தில் 1995-ஆம் ஆண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியை நிறுவியது. பின்னர் தமிழகத்தின் பல ஊர்களில் இவ்வகைக் கல்லூரிகள் எழுந்தன. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. உயர்ந்த கட்டடங்களோ பரந்த மைதானமோ இங்கு இரா. ஆனால் நாற்பது வயதுக்காரரும் பதினெட்டு வயதுக்காரரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பதை இங்கே காணலாம்.

என் வகுப்பிலும் அத்தகையோரே இருந்தனர். பஞ்சு மூட்டை தூக்கி முதுகு நைந்ததால் வேறு தொழில் தேடி வந்தவர் ஒருவர். கண்பார்வை அற்ற இளைஞர் ஒருவர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணொருத்தி. அவளுடைய அப்பத்தா அந்த வட்டாரத்தின் மருத்துவச்சியாக இருந்தவர். செயல்முறைப் பயிற்சி ஆடவருக்கு ஓர் அறையிலும் பெண்டிருக்கு வேறோர் அறையிலும் நடக்கும். பாடம் மட்டும் அனைவருக்கும் பொது.

எண்ணெய்க் கிண்ணத்தை முதல் நாளே கையில் தந்துவிடுவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் ஏமாந்தனர். முதல் இரு திங்களும் உடற்கூற்றியலே நடந்தது. வளர்ந்த மனிதன் உடலில் எலும்புகள் 206. அவற்றை அசைக்கும் தசைகள் அறுநூறுக்கும் மேல். ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது, நரம்பு எவ்வழியாக ஓடுகிறது, தமனி எங்கே தோலுக்கு அருகில் வருகிறது என்பவற்றை வரைந்து வரைந்து மனத்தில் இருத்தினோம். கழுத்தின் முன்பக்கத்திலும், அக்குளிலும், முழங்காலின் பின்குழியிலும் ஏன் கையை அழுத்தலாகாது என்பதை அதன் பின்னர்தான் சொல்லிக் கொடுத்தனர்.

அடுத்து வந்தது நீவும் முறை. உள்ளங்கையை விரித்து நெடுகத் தடவுவது எஃப்ளூராஜ். தசையைப் பற்றிப் பிசைவது பெட்ரிசாஜ். ஓரிடத்தில் விரலூன்றி உராய்வது ஃபிரிக்‌ஷன். கையால் மெல்லத் தட்டுவது தப்போத்மான். இம்முறைக்குச் சுவீடன் நாட்டு மசாஜ் என்று பெயர். சுவீடனின் பெர் ஹென்ரிக் லிங் என்பவரே இதன் தந்தை என்று நெடுங்காலம் எழுதியும் வந்தனர். ஆயின் இவற்றை இவ்வாறு வகைப்படுத்திப் பரப்பியவர் ஆலந்து நாட்டு மருத்துவர் யோகான் கேயார்க் மெட்ஸ்கர் (1838–1909) என்பதே ஆய்வாளர் முடிவு. ஆலந்துக்காரர் வகுத்த முறை, பிரெஞ்சுப் பெயர் தாங்கி, சுவீடன் முத்திரையோடு, மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆசிரியை இந்தப் பிரெஞ்சுப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி ஒவ்வொன்றையும் கையால் செய்து காட்டினார். உசிலம்பட்டிப் பெண் மெல்ல எழுந்து, “எங்க அப்பத்தா இதை உருவுறதுன்னு சொல்லும், இதைப் பிசையுறதுன்னு சொல்லும்” என்று வரிசையாகச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அவளை முன்னால் அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். பெருவிரலை மட்டும் ஊன்றாமல், மணிக்கட்டை நிமிர்த்தி, தன் உடல் எடையைத் தோள்வழி இறக்கி அவள் அழுத்திய விதம், எங்களுக்குப் பாடநூல் மூன்று திங்களாகச் சொல்லியும் வராத விதம். அடுத்த வாரம் சித்த மருத்துவர் ஒருவரை அழைத்து வந்து தொக்கணம் பற்றிப் பேசவைத்தார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும் என்றும், சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் அதுவும் ஒன்று என்றும் அவர் விளக்கினார். இன்றும் பாளையங்கோட்டை, சென்னை அரசு நிறுவனங்களில் சித்தம் பயிலும் மாணவர்களுக்கு இஃது ஏட்டில் உள்ள பாடம்.

அன்று மாலை நான் நாடிச் சென்றது மற்றொரு மரபை. நம் அறிவுலக மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘கானூன்’ பெருநூலின் முதற்பகுதியில் ‘தல்க்’ எனப்படும் நீவுதல் பற்றி விரித்துரைத்துள்ளார். வன்மையாக நீவினால் உடல் இறுகும். மென்மையாக நீவினால் தளரும். நெடுநேரம் நீவினால் மெலியும். அளவோடு நீவினால் வளம் பெறும் என்பது அவர் கருத்து. உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தும் நீவுதல் வேறு. பயிற்சிக்குப் பின் களைப்பை நீக்கி மீட்டெடுக்கும் நீவுதல் வேறு என்றும் அவர் பகுத்துக் காட்டினார். இன்றைய விளையாட்டு மருத்துவர் செய்யும் பகுப்பும் இதுவே அன்றோ! இந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்விக்குப் பல நூற்றாண்டுகள் அடிப்படையாய் விளங்கியது. யூனானி மருத்துவத்தில் தல்க் இன்றும் உயிரோடு இருக்கிறது. சென்னையில் 1979-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு யூனானி மருத்துவக் கல்லூரி நம் மாநிலத்தில் அம்மரபைக் காத்து வருகிறது. உலகம் போற்றும் ஹக்கீம் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நூலில் இடம் தந்த கலைக்கு, நம் தெருவில் நாம் இடம் தரவில்லை என்பது வருந்தத்தக்கதே.

நூலில் மட்டுமா? இந்தியாவிலிருந்து இக்கலையை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே. 1759-இல் பாட்னாவில் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இருந்து, அயர்லாந்தில் குடியேறிய ஷேக் தீன் முஹம்மத் என்பவர் அவர். அயர்லாந்துப் பெண்ணை மணந்து ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்துவிட்டாலும் முஹம்மத் என்ற பெயரை அவர் இறுதிவரை விடவில்லை. பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் நீவுதலும் கொண்ட குளியலகம் ஒன்றை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். 1822-இல் இக்கலை பற்றி நூலும் வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் நீவுதல் மருத்துவராக நியமனம் பெற்றார். ‘அழுத்து’ எனப் பொருள்படும் ‘சாம்போ’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லே இங்கிலாந்தில் ‘ஷாம்பூ’ ஆயிற்று; உடலை நீவுவதைக் குறித்த அச்சொல், பின்னர் தலை கழுவும் பொருளுக்குப் பெயராகி, சிறு பொட்டலமாக நம் பெட்டிக்கடைகளில் தொங்குகிறது. அரண்மனை வாயில் திறந்துவிட்ட கலை அது. நம் வீட்டு வாயிலில் மட்டும் ஏன் அது கைகட்டி நிற்கிறது?

இக்கலைக்கு இன்னொரு வகை இழுக்கும் நம் காலத்தில் சேர்ந்துள்ளது. நகரங்களில் மசாஜ் நிலையம் என்றாலே முகம் சுளிக்கும் நிலை. சில இடங்களில் தவறு நடப்பதும் காவல்துறை நுழைவதும் நாளேடுகளில் வரக் காண்கிறோம். 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவ்வாறு பொருத்துவது தனிமனிதனின் அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று வேறுபட்ட கருத்தைத் தெரிவித்தது. இரு நீதிபதிகளின் கவலையும் நியாயமானதே. ஒருவர் ஒழுக்கம் காக்க விழைந்தார். மற்றவர் மானம் காக்க விழைந்தார். கேமராவால் காக்க முடியாத ஒழுக்கத்தைப் பயிற்சியால் காக்கலாம் என்பதே வகுப்பில் நான் கண்டது.

எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் செயல்முறைப் பாடமே மறைத்தல் பாடம்தான். படுத்திருப்பவரை விரிப்பால் முழுவதும் மூட வேண்டும். எந்த உறுப்பில் வேலையோ அதை மட்டும் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை மூடிய பின்னரே அடுத்ததைத் திறக்க வேண்டும். தொடுமுன் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அக்கணமே கையை எடுத்துவிட வேண்டும். இவ்விதிகளைக் கேட்டபோது எனக்கு அவை புதியனவாகத் தோன்றவில்லை. ஆடவருக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை அவ்ரத்து என்றும், பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் பணிவிடை செய்வதே முறை என்றும், தேவையின் அளவுக்கே விலக்கு உண்டு என்றும் மதரஸாவில் ஓதியவன் நான். மய்யித்தைக் குளிப்பாட்டும்போதுகூடத் துணியால் மறைத்தே குளிப்பாட்டுகிறோம். உயிரற்ற உடலுக்கே அவ்வளவு மானம் தந்த மார்க்கம், உயிருள்ள உடலைத் தொடும் தொழிலுக்கு எதிராகவா இருக்கும்? ஒழுங்கோடு செய்க என்பதே அதன் கட்டளை. செய்யாதே என்பது அன்று.

நான் பயின்றவற்றுள் தலையாயது எது என்று எவரேனும் வினவினால், எப்போது தொடலாகாது என்பதே எனத் தயங்காமல் சொல்வேன். காய்ச்சல் உள்ளவரை நீவலாகாது. தோலில் சீழோ பரவும் நோயோ உள்ள இடத்தைத் தொடலாகாது. எலும்பு முறிவு ஐயம் இருந்தால் அசைக்கவே கூடாது. நெடுநாள் நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவருக்கு வன்மையான அழுத்தம் கேடு. வலிக்கிறது என்று சொல்ல அவரால் இயலாது. பக்கவாதம் கண்டவரின் தளர்ந்த தோளை இழுத்தால் மூட்டு நழுவும். எல்லாவற்றினும் கொடியது கெண்டைக்காலின் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கும் நிலை. அதனை அறியாமல் நீவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும்.

படிப்பு முடிந்து ஊரில் நான் தொழில் தொடங்கிய சில மாதங்களில் இப்பாடம் சோதனைக்கு வந்தது. காலில் மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்திருந்த ஒருவரைத் தூக்கி வந்தனர். கட்டுப் பிரித்த பின்னும் அந்த ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது. கெண்டைக்கால் சிவந்திருந்தது, புறங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. எண்ணெய் தேய்த்து நீவச் சொன்னார்கள். நான் மறுத்து, உடனே மதுரைக்குப் போகச் சொன்னேன். உடன் வந்தவர்களுக்குச் சினம். “காசு வாங்கிப் படித்தவர் தொடவே மாட்டேன் என்கிறார்” என்று தெருவில் நின்று பேசினார்கள். வண்டிச் சத்தத்தை நான் தருவதாகச் சொன்ன பின்னரே கிளம்பினார்கள். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சிரையில் உறைகட்டி இருந்தது உறுதியாயிற்று. மருந்து கொடுத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் அம்மனிதர் இன்று வயலுக்குப் போகிறார்.

இரண்டு நாள் கழித்து ஒஸ்தா என்னைத் தேடி வந்தார். நான் அவரை மாமா என்றே அழைப்பது வழக்கம். “தம்பி, எதைப் பார்த்துத் தொடாமல் விட்டீங்க?” என்று கேட்டார். நான் படம் வரைந்து விளக்கினேன். நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், “ஒத்தைக் கால் வீங்கிச் சுட்டா தொடாதேன்னு எங்க அத்தா சொல்லுவாங்க. ஏன்னு அவங்களுக்கும் தெரியாது. அவங்களுக்கு அவங்க அத்தா சொன்னது. இப்பத்தான் தம்பி, ஏன்னு விளங்குது” என்றார். கல்லூரி எனக்கு ஓராண்டில் தந்ததை, காரணம் அறியாமலேயே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது ஒரு குடும்பம். நான் உள்ளே சென்று நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். “பழக்கமில்லை தம்பி” என்று சொல்லிவிட்டுத் திண்ணை ஓரத்திலேயே அமர்ந்துகொண்டார்.

அந்தச் சொல் என் உறக்கத்தைக் கெடுத்தது. அவரும் நானும் செய்வது ஒரே தொழில். எனக்குச் சான்றிதழ் உண்டு. சுவரில் கட்டண விவரம் உண்டு. என்னை ‘தெரபிஸ்ட்’ என்கிறார்கள். அவருக்குக் கொடுத்ததே கூலி. அவரைத் தொழிலின் பெயரால் மட்டுமே அழைக்கிறார்கள். பள்ளிவாசல் ஸஃப்பில் அவர் என் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார். ஸலாம் கொடுத்து வெளியே வந்ததும் ஒதுங்கி நிற்கிறார். தொழுகையில் உள்ள சமத்துவம் செருப்பு அணியும் இடம் வரைக்கும்தானா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு விடை இருக்கிறது. அபூ தைபா (ரலி) என்பவர் அடிமையாக இருந்தவர்; குருதி உறிஞ்சி எடுக்கும் ஹிஜாமா சிகிச்சை அவர் தொழில். அவர் அண்ணலாருக்கு அச்சிகிச்சையைச் செய்தார். அண்ணலார் அவருக்கு உணவுப் பொருளைக் கூலியாக அளந்து கொடுக்கச் செய்தார்கள். அத்தோடு நில்லாது, அவருடைய எசமானர்களிடம் பேசி அவர்மீது விதித்திருந்த வரியையும் குறைக்கச் செய்தார்கள். உடலைத் தொட்டுச் சிகிச்சை செய்தவருக்குக் கூலியும் தந்து, அவர் சுமையையும் இறக்கிய செயல் அது. தாமே தம் காலணியைத் தைத்து, தம் ஆடையை ஒட்டுப்போட்ட ஒரு தூதரின் உம்மத்தாகிய நாம், கைத்தொழிலைக் குலத்தோடு முடிச்சிட்டு வைத்திருப்பதை எங்ஙனம் நியாயப்படுத்துவோம்?

எங்கள் ஊர் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1940-இல் கோ. வெங்கடாசலபதி நிறுவிய காந்திநிகேதன் ஆசிரமம் டி. கல்லுப்பட்டியில்தான் இருக்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் அவர் மறைந்தார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில் அவர் பொருளியல் வாழ்வைப் படிப்படியாக வகுத்தார். பிறரை உறிஞ்சி வாழும் நிலை, பறித்து வாழும் நிலை, தன் முயற்சியால் வாழும் நிலை, தேனீக்கள்போல் கூடி வாழும் நிலை என அடுக்கி, அனைத்துக்கும் மேலே, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் சேவை நிலையை வைத்தார். அவருடைய தலைவர் காந்தியடிகளோ, சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சூரே சாஸ்திரியின் உடலைத் தம் கையாலேயே நீவிவிட்டவர். குமரப்பாவின் அடுக்கில் வைத்துப் பார்த்தால் ஒஸ்தாவும் மருத்துவச்சியும் எந்தப் படியில் நிற்பார்கள்? நாம் எந்தப் படியில் நிற்போம்? எண்ணிப் பார்ப்பது நலம்.

இக்கலையைப் புகழ்வதற்காக அதற்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்வதும் தவறு. நீவுதல் பக்கவாதத்தைத் தீர்க்காது. அதற்கு மருத்துவரும் முறையான இயன்முறைப் பயிற்சியும் வேண்டும். உடலின் நச்சையெல்லாம் வெளியேற்றும் என்று விளம்பரங்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. இடுப்புவலி பற்றி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நீவுதலால் குறுகிய காலத்துக்கு வலி தணியலாம் என்றும், அதற்கான சான்றுகள் வலுக் குறைந்தவை என்றும் அடக்கமாகவே கூறுகிறது. குறுகிய காலத் தணிவு என்பது நகரத்து அறிஞருக்குச் சிறிதாகத் தோன்றலாம். நாளைக் காலை ஆறு மணிக்குக் களையெடுக்கப் போக வேண்டிய பெண்ணுக்கு ஓர் இரவின் உறக்கம் சிறிதன்று.

கண்பார்வையற்ற என் வகுப்புத் தோழரைப் பற்றியும் ஒரு சொல். எலும்பின் மேடு பள்ளங்களை எங்கள் அனைவரினும் விரைவாகக் கண்டறிந்தவர் அவரே. சப்பான் நாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் பார்வையற்ற மருத்துவர் சுகியாமா வாயிச்சி பார்வையற்றோருக்குக் குத்தூசி மருத்துவமும் நீவுதலும் கற்பிக்கும் பள்ளிகளை அமைத்தார். இன்றளவும் அந்நாட்டில் பார்வையற்றோர் பலர் இத்தொழிலால் தலைநிமிர்ந்து வாழ்கின்றனர். நம் சமுதாயத்தில் பார்வையற்ற பிள்ளைகளைப் பள்ளிவாசல் வாயிலில் கை நீட்ட விட்டிருக்கிறோம். நீட்டிய அக்கைகளுக்குள் ஒரு கல்வி உறங்குகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

எனவே ஜமாஅத்துப் பெரியவர்களிடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று, ஒஸ்தாவுக்கும் மருத்துவச்சிக்கும் கொடுத்ததே கூலி என்னும் வழக்கை ஒழித்து, அவர்கள் சொல்லும் கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைத் தரப் பணித்த நபியின் உம்மத்துக்கு இஃது அரிதன்று. இரண்டு, 2015-இல் தொடங்கிய நடுவண் அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தால் தொழில் கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் இடம்பெற்றது. அத்தகைய வாயில் எங்கு திறந்திருந்தாலும் தேடி, தலைமுறை அறிவு உடையவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பிள்ளைகள் விரும்பினால் இத்தொழிலையும், விரும்பாவிடில் வேறு எதையும் படிக்கத் துணை நில்லுங்கள். மூன்று, நிக்காஹ் விருந்தில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள். முதல் முறை பழக்கமில்லை என்பார்கள். கையைப் பற்றி அமர வையுங்கள். பழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்; மாற்ற வேண்டியவர்களும் நாமே.

என் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர் இன்னும் வரவில்லை. வரும்போது மாமனாரின் தொழில் என்னவென்று கேட்பார். நோவு கண்டவரை நீவிவிடுவது என்று என் மகளே விடை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். அமர்கின்றவரே நமக்கு உறவு. நோவுற்ற உடலைத் தொட்டுத் துயர் தணிக்கும் கைகள் அனைத்துக்கும், அவை எக்குலத்தில் பிறந்த கைகளாயினும், வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.